குதிரை எரு கலந்த மண் வாங்குமுன் இதை ஒருக்கால் வாசியுங்கள்

லண்டன் பக்கம் அலொட்மென்ட் (கவுன்சில் வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டு) வைத்திருப்பவர்கள், இந்த வருடம் பலகைப் பாத்தி கட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். எனக்கு 540 பவுண்சும் ஒரு பருவமும் போய்விட்டது.

கவுன்சில் பட்டியலில் நாலு வருடம் காத்திருந்து கிடைத்த துண்டு. ஐந்து ரொட், அதாவது ஏறக்குறைய 125 சதுர மீற்றர். இடுப்பளவு முள்ளுப்பற்றை, அதற்குக் கீழே கவுச் புல், எல்லாவற்றையும் சுற்றிப் பைண்ட்வீட் என்ற கொடிக்களை. இந்தப் பைண்ட்வீட்டின் வேர் இடியப்ப இழை மாதிரி வெள்ளையாக இருக்கும், தொட்டாலே முறியும். முறிந்த துண்டு ஒவ்வொன்றும் புதுக்கொடியாக முளைக்கும். அதனால் மெஷின் போட்டு உழாமல், குளிர்காலம் முழுக்கச் சனி ஞாயிறுகளில் நானும் மனைவியும் கிளறிக் கிளறிக் கையால் வேர் பொறுக்கினோம். மார்ச்சில், கட்டிடச் சாரத்துப் பழைய பலகைகளை வைத்து 2.4 மீற்றருக்கு 1.2 மீற்றர் அளவில் ஆறு பாத்தி. அடியில் கனமான காட்போட் மட்டை விரித்தோம். இனி நிரப்புவதுதான் பாக்கி.

வட்சப் குழு ஒன்றில் ஒருவர் மண்ணும் எருவும் கலந்து விற்பதாகப் போட்டிருந்தார். எங்கள் ஆள்தான். “அண்ணை, ரெண்டு வருசம் உக்கின குதிரை எரு. கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோ” என்றார். ஒரு டன் பை 90 பவுண்ஸ். ஆறு பை சொன்னேன். காசு கையில்தான் வேண்டும் என்றார், கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை. எங்கள் ஆளிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம்.

லொறி வந்தபோது நான் வேலையில். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பையும் மூன்றில் இரண்டு பங்குதான். பலகை 22 சென்ரிமீற்றர் உயரம், ஒரு பாத்திக்கு 0.63 கன மீற்றர் மண் வேண்டும். வந்தது நாலரைப் பாத்திக்குத்தான் காணும். கேட்டதற்கு, “ஈர மண் அண்ணை, நிறை சரியாத்தான் இருக்கும்” என்றார். டன் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். எத்தனை கன மீற்றர் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள்.

அளவு குறைந்ததை விட்டுவிடலாம். விட முடியாதது அந்த எருவில் இருந்தது.

ஏப்ரலில் நட்ட உருளைக்கிழங்கு முளைத்தபோது, இலைகள் விரியாமல் பன்னச் செடியின் குருத்துப் போலச் சுருண்டு நின்றன. நீரில்லையோ என்று ஊற்றினேன். மே கடைசியில் வைத்த போஞ்சியும் தக்காளியும் அப்படியே. போஞ்சியின் புது இலை கரண்டி மாதிரி உள்ளே குவிந்து, நரம்புகள் நெருங்கி, தடவினால் தோல் மாதிரி இருந்தது. சோளம் மட்டும் ஒன்றும் நடக்காதது போல வளர்ந்தது. பக்கத்துத் துண்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, எரு எங்கே வாங்கினாய் என்றுதான் முதலில் கேட்டார்.

மேய்ச்சல் நிலங்களில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அமினோபைரலிட் என்றொரு மருந்து அடிக்கிறார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகாது, புல்லினமான சோளத்துக்கும் ஆகாது. அந்தப் புல்லைக் காயவைத்துக் குதிரைக்குப் போட்டால், மருந்து வயிற்றில் அழியாமல் சாணத்தோடு வெளியே வருகிறது. எருக் குவியலில் நீண்ட காலம் கிடக்கும். உக்கிவிட்டது என்பதால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. 2008இல் இங்கே பல அலொட்மென்ட்களில் இதே அழிவு நடந்து, அந்த மருந்தின் விற்பனையையே கொஞ்சக்காலம் நிறுத்தினார்கள். பிறகு கட்டுப்பாடுகளோடு திரும்ப அனுமதித்துவிட்டார்கள்.

விற்றவரிடம் சொன்னேன். “உங்கட விதை பிழை” என்றார். சரி என்று, ஆறு சட்டி எடுத்து மூன்றில் அவருடைய கலவை, மூன்றில் கடைக் கொம்போஸ்ட், எல்லாவற்றிலும் ஒரே பையிலிருந்த புரோட் பீன்ஸ் விதை. மூன்று கிழமையில் கொம்போஸ்டில் முளைத்தது நேராக நின்றது, அவருடைய கலவையில் முளைத்தது முறுகிப்போனது. படம் அனுப்பினேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருள் பழுதென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தாலும் விற்றவருக்குப் பொறுப்பு உண்டு. என் கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

யாரிடம் வாங்கினாலும், குதிரை தின்ற புல்லுக்கு என்ன மருந்து அடித்தது என்று கேளுங்கள். தெரியாது என்றால் ஒரு வாளி மட்டும் வாங்கிச் சட்டியில் விதை போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் அந்த மண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், கவுன்சிலின் தோட்டக்கழிவுத் தொட்டியிலும் போடாதீர்கள், அது இன்னொருவர் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் அந்த மருந்தைச் சிதைக்க வேண்டும். அதனால் நாலரைப் பாத்தியையும் மாதம் ஒரு தடவை கிளறிவிடுகிறேன். மருந்து போய்விட்டதா என்று பார்க்க, அந்த மண்ணில் இரண்டாம் தடவை சட்டியில் போட்ட விதைகள் இப்போது சமையலறை யன்னலில் இருக்கின்றன. நேற்று முளைத்துவிட்டன, இலை இன்னும் விரியவில்லை.