எங்க ஊர் பால்வாடி: சோற்றைவிடத் தராசுக்குத்தான் மார்க்

முக்கூடல் பக்கம் எங்கள் ஊர் பால்வாடி, மகள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே பழக்கம். குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே அறை, கக்கூஸ் கதவுக்குக் கொண்டி இல்லை, சித்திரை வெயிலில் ஃபேன் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் ஒன்றுதான். டீச்சருக்குப் பாதி நேரம் போனில் பதிவு ஏற்றுவதிலேயே போகிறது, சிக்னல் கிடைக்காமல் வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், அதுவரைக்கும் உலையையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்ப்பது ஆயாம்மா. பாளையங்கோட்டையில் நாங்கள் விசாரித்த ஏசி பிளே ஸ்கூல் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கவே முடியாது.

ஆனால் அங்கே மாதாமாதம் பிள்ளையை எடை போடுவீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள்.

இங்கே போடுகிறார்கள். உத்தரத்தில் தொங்கும் தராசு, அதில் துணித்தூளி, உள்ளே ஊரைக் கூட்டும் பிள்ளை. முள் ஆடி நிற்கிறவரை டீச்சர் விடமாட்டார், அப்புறம்தான் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார். மகளுக்குப் பேதியாகித் தேறிய பிறகு அந்தப் புள்ளி மேலே ஏறவே இல்லை. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, பிள்ளை ஓடியாடிக்கொண்டுதான் இருந்தாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது பீடி சுற்றும் என் அத்தை, டீச்சர் அவரைக் கூப்பிட்டு “என்னத்தக் குடுக்கீங்கம்மா, கஞ்சித்தண்ணியா?” என்று கேட்டேவிட்டார். பிறகு மகளின் மேல்கையில் கலர் போட்ட நாடாவைச் சுற்றிப் பார்த்தார். 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நல்லவேளை, பச்சை. சத்துமாவைத் தண்ணியாகக் கரைக்காமல் கெட்டியாகக் கிண்டி ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள் என்றார், அவ்வளவுதான் வைத்தியம்.

பால்வாடிகளை நடத்தும் மத்திய அரசுத் திட்டமான ஐ.சி.டி.எஸ். 1975-ல் வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 1980-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில்தான் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்குக் குறைகிறது என்று தெரிந்து கொடுக்கிற அந்த முறை எனக்கு இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது.

பால்வாடி நோட்டு அங்கேயே கிடப்பதும் இல்லை. ஊசி தவறியவர்கள் யார் என்று நர்சம்மா அதைப் பார்த்துத்தான் வீடு தேடிப் போகிறார். வருஷத்துக்கு இரண்டு முறை வேனில் டாக்டர்கள் வந்து இதயம், காது, உதட்டுப் பிளவு எல்லாம் பார்க்கிறார்கள். தெருவில் ஒரு பையனுக்கு நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறதென்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தது அப்படித்தான். ஹைகிரவுண்டில் எத்தனை டாக்டர் இருந்தால் என்ன, இப்படி ஒரு பையன் இருப்பதை யாராவது அங்கே போய்ச் சொல்ல வேண்டுமே.

ஒரு எரிச்சல், நான் போனால் “அம்மா வரலையா?” என்பார்கள், அப்பாவிடம் எதுவும் விளக்க மாட்டார்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். சேர்க்கிறவர்கள் வளர்ச்சி அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தானாகக் காட்ட மாட்டார்கள். புதன்கிழமை ஊசி நாள், கூட்டம் சேரும், காலையிலேயே போய்விடுங்கள்.