சித்தப்பாவின் முருகனும் மச்சானின் யூடியூபும்

குடும்ப வாட்சாப் குழுவில் காலை ஆறுக்கே சித்தப்பாவின் முருகன் படம் வந்துவிடும், 'பத்துப் பேருக்கு அனுப்பு' என்ற மிரட்டலோடு. நாத்திக மச்சானின் மறுப்பும் வரும், ஆனால் எனக்கு மட்டும், தனியாக!

சிங்கப்பூரில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் மதம் சாராதவர்கள் 2010இல் 17 சதவீதம், 2020இல் 20. பெரியார் 1929இலேயே இங்கு வந்து பேசிவிட்டுப் போனவர். அவர் கருத்துகளின் தாக்கத்தில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் இங்கு தொடங்கியது. அப்போது மேடை, இப்போது கைப்பேசி.

கூட்டம் என்று பார்த்தால் பக்தர் பக்கம்தான் பலம். தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு முருகன் கோவிலுக்குப் போனால் சோறும் உறவும் சேர்ந்தே கிடைக்கும். மச்சானுக்கு யூடியூப் விவாதம்தான். வதந்தி என்றால் மட்டும் நான் மச்சானையே கேட்பேன். படத்தின் மூலத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான்.

அப்புறம், சித்தப்பா காவடி எடுத்தால் தண்ணீர் போத்தலோடு பின்னால் நடப்பவனும் அவனே.