கடிகாரக் கடை மாடியில் ஒரு மறைவிடம்: ஹார்லெம் டென் பூம் வீடு

ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்கு வருகிற நம் ஊர்ப் பெற்றோர்கள் துலிப் தோட்டம், காற்றாலை, கால்வாய்ப் படகு என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அதில் ஒரு அரை நாளை ஒதுக்கி ஹார்லெமுக்குப் போய், இரண்டாம் உலகப் போரில் யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய டென் பூம் குடும்பத்தின் வீட்டைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். சபையில் ஓய்வுநாள் பள்ளியும் நடத்துகிறேன். இந்த இரண்டு வேலைக்கும் இவ்வளவு பொருத்தமான ஓர் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஹார்லெமுக்கு ரயிலில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். நிலையத்திலிருந்து பெரிய சந்தைத் திடல் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால் பார்ட்டல்யோரிஸ்ஸ்ட்ராட் என்ற கடைத்தெரு வரும். அதில் 19ஆம் எண் வீடு. 1837இல் வில்லெம் டென் பூம் இங்கே கடிகாரக் கடை வைத்தார். அவருக்குப் பிறகு மகன் காஸ்பர், அப்புறம் காஸ்பரின் மகள் கோரி. நெதர்லாந்தில் கடிகாரம் பழுதுபார்ப்பதற்கு உரிமம் வாங்கிய முதல் பெண் கோரிதான். கீழே கடை, மேலே வீடு. அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துச் சந்து வழியாக உள்ளே போக வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் நம்மைக் கூடத்தில் உட்கார வைத்து, வழிகாட்டி கதை சொல்கிறார். பெரும்பாலும் தன்னார்வலர்கள். எங்களுக்கு வந்த அம்மா வேகமாக ஒப்பிக்காமல், நிறுத்தி நிதானமாக, நம் முகத்தைப் பார்த்துப் பேசினார். 1844இல் தாத்தா வில்லெம் யூதர்களுக்காக ஜெபிக்கவென்று இந்த வீட்டில் ஒரு கூட்டம் ஆரம்பித்தார். சரியாக நூறு வருஷம் கழித்து, 1944இல், அதே வீட்டில் யூதர்களை ஒளித்து வைத்ததற்காக அவருடைய மகனும் பேத்திகளும் கைதானார்கள்.

வீட்டில் எல்லாரும் பார்க்க வருவது கோரியின் படுக்கையறையைத்தான். மேல்மாடியில் ஒரு சின்ன அறை. அதன் பின்சுவருக்கு முன்னால் இன்னொரு செங்கல் சுவர் எழுப்பி, இரண்டுக்கும் நடுவே ஆள் நிற்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். தட்டிப் பார்த்தால் வெற்றுச் சத்தம் வரக்கூடாது என்பதற்காக, மரப்பலகை வைக்காமல் செங்கல்லாலேயே கட்டினார்களாம். வெளியே யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்கக் கற்களைக் கைப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். மூலையில் துணி அடுக்கும் அலமாரி ஒன்று இருக்கிறது. அதன் கடைசித் தட்டுக்குக் கீழே உள்ள பலகையைத் தள்ளினால், ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவு திறப்பு. நான் குனிந்து பார்த்தேன். மேல் தட்டுகளில் துணி மடித்து வைத்திருக்கிறது, எந்த வீட்டிலும் இருக்கிற மாதிரி. இப்போது நாம் பார்ப்பதற்காகச் சுவரில் ஒரு பகுதியை இடித்துத் திறந்து விட்டிருக்கிறார்கள். உள்ளே நம் வீட்டுத் துணி பீரோவை விடக் கொஞ்சம்தான் பெரிய இடம்.

நாஜி ஜெர்மனியின் ரகசியப் போலீசான கெஸ்டபோ சோதனைக்கு வந்த 1944 பிப்ரவரி 28 அன்று இந்த இடத்துக்குள் ஆறு பேர் இருந்தார்கள். நாலு யூதர்கள், இரண்டு பேர் ஜெர்மானியர்களை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். கோரி அன்று காய்ச்சலில் இதே அறையில் படுத்திருந்தார். ஆபத்து மணி அடித்ததும் சாப்பாட்டுத் தட்டையும் சாம்பல் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுவது, படுத்த மெத்தையின் சூடு தெரியாதபடி அதைப் புரட்டிப் போடுவது என்று முன்கூட்டியே பயிற்சி செய்து வைத்திருந்தார்கள். கெஸ்டபோ சுவரெல்லாம் தட்டிப் பார்த்தது, கண்டுபிடிக்க முடியவில்லை. ஏறக்குறைய இரண்டு நாள் அவர்கள் உள்ளேயே இருந்து, பிறகு இயக்கத்தாரால் வெளியே கொண்டுவரப்பட்டார்கள்.

சாப்பாட்டு அறைச் சன்னலில் வைத்திருக்கும் முக்கோண விளம்பரப் பலகையையும் விட்டுவிடாதீர்கள். அல்பினா கடிகாரக் கம்பெனியுடையது. அது சன்னலில் இருந்தால் வீட்டுக்குள் வரலாம், ஆபத்தில்லை என்று அர்த்தம். சோதனை நாளில் அது அடையாளம் என்று கெஸ்டபோவுக்குப் புரிந்துபோய், திரும்ப எடுத்துச் சன்னலில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நம்பி வந்தவர்கள் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள். அன்று கைதானவர்கள் சுமார் முப்பது பேர். காட்டிக் கொடுத்தவரும் ஒரு டச்சுக்காரர்தான். அவசரமாக உதவி வேண்டும் என்று சொல்லி, பணம் கேட்டு வந்தவர்.

இதைத்தான் நம் ஆட்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஜெர்மன் ராணுவம் வந்தது, கெடுதல் செய்தது என்பதோடு கதை முடிந்திருந்தால் அதை அந்நியப் படையெடுப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கே உள்ளூர் ஒழுங்கே சரிந்தது. 1940இல் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் உட்பட, தாங்கள் யூதர் அல்ல என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெரும்பாலானோர் கொடுத்தார்கள். அதை வைத்து அந்த நவம்பரிலேயே யூத ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நானும் எத்தனையோ அரசாங்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள், அதனால் இந்த இடம் எனக்கு மிகவும் உறைத்தது. பிறகு யூதர்களைக் கணக்கெடுத்தார்கள், 1942இல் யூதர் என்று அடையாளம் தெரியச் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் குத்த வைத்தார்கள். பிடித்துக் கொடுத்தால் தலைக்கு ஏழரை கில்டர் (அன்றைய டச்சுப் பணம்) என்று கூலி பேசினார்கள், அந்த வேலைக்கும் ஆள் கிடைத்தது. நாட்டில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பதிவேடு ஒழுங்காக வைத்திருந்த, படித்த, கோயிலுக்குப் போகிற நாடு.

'அஸ்திபாரங்களும் நிர்மூலமாகின்றதே, நீதிமான் என்னசெய்வான்?' என்று பைபிளில் 11ஆம் சங்கீதத்தில் ஒரு கேள்வி வரும். எங்கள் பக்கத்தில் இப்போது இந்த வசனத்தை அடிக்கடி கேட்கிறேன். காரணம் இல்லாமல் இல்லை. 2023இல் நாங்குநேரியில் கூடப் படித்த பிள்ளையையே சாதிக்காக வீடு புகுந்து வெட்டினார்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. நாற்பது நிமிடப் பாடவேளையில் நாங்கள் எதைத்தான் சொல்லிக் கொடுத்தோம் என்று அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. இதைப் பற்றிப் பேசினால் 'கடைசிக் காலம் சிஸ்டர், நாம் ஒதுங்கியிருந்து ஜெபிப்போம்' என்று சொல்கிறவர்கள் அதிகம். அந்தச் சங்கீதத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தால், பறவையைப் போல மலைக்குப் பறந்து போ என்று சொல்கிறவர்களுக்குத்தான் தாவீது மறுப்புச் சொல்கிறார். கர்த்தர் தம் சிங்காசனத்தில் இருக்கிறார், பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர் பதில். அப்படியானால் மனுஷன் என்ன செய்வது? அதற்கு ஒரு முழு விடையாக எனக்கு இந்த வீடு தெரிந்தது.

அவர்கள் எதையும் பெரிதாகத் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. தினமும் கடை திறந்து கடிகாரம் பழுதுபார்த்தார்கள். காலையிலும் மாலையிலும் தவறாமல் வேதம் வாசித்துக் குடும்ப ஜெபம் பண்ணினார்கள். 1942 மே மாதம் ஒரு யூதப் பெண் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினாள், உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் இன்னொருவர். ரேஷன் அட்டை இல்லாமல் சாப்பாடு போட முடியாது என்றபோது, அட்டை கொடுக்கும் இடத்தில் வேலை செய்த தெரிந்தவரைப் போய்க் கேட்டார் கோரி. அவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களுமாகக் காப்பாற்றியது சுமார் 800 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். தொடங்கியபோது கோரிக்கு ஐம்பது வயது, அப்பாவுக்கு எண்பதுக்கு மேல். ரிட்டயர் ஆகிவிட்டோம், இனி நம்மால் என்ன ஆகும் என்று பேசும் என் வயதுக்காரர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இந்த அருங்காட்சியகத்தார் நம்பிக்கையை இனிப்புத் தடவிக் காட்டவில்லை. முதியவர் காஸ்பரை, இனித் தொந்தரவு செய்யமாட்டேன் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். இன்று வீட்டுக்குப் போனால் நாளை யார் தட்டினாலும் கதவைத் திறப்பேன் என்றார் அவர். பத்தே நாளில் காவலில் இறந்துபோனார், 84 வயதில். மூத்த மகள் பெட்ஸி அந்த டிசம்பரில் ஜெர்மனியில் ராவன்ஸ்ப்ரூக் வதை முகாமில் இறந்தார். அங்கே கூட இருந்த கோரி, அலுவலகத் தவறு ஒன்றினால் என்று சொல்கிறார்கள், வருஷக் கடைசியில் விடுதலையானார். கைதான இரவில் அப்பா பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொன்ன வசனம் 119ஆம் சங்கீதத்திலிருந்து: 'என் மறைவிடமும் என் கேடகமும் நீரே.' செங்கல் மறைவிடம் ஆறு பேரைக் காத்தது, கட்டியவர்களைக் காக்கவில்லை. அது தெரிந்தே அவர்கள் அந்த வசனத்தைச் சொன்னார்கள். ஜெபித்தால் ஒரு குறையும் வராது என்று பிரசங்கிக்கிறவர்கள் இந்தக் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் நல்லது.

கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் தயக்கமில்லாமல் சொல்வேன், போங்கள். வழிகாட்டி தம் விசுவாசத்தை மறைக்காமல் பேசுவார், அது அந்தக் குடும்பத்தின் கதையிலேயே இருக்கிறது. ஆனால் யாரையும் வற்புறுத்துவதில்லை.

சில நடைமுறை விஷயங்கள். நான் போனபோது நுழைவுக் கட்டணம் இல்லை, காணிக்கைப் பெட்டி இருந்தது, தாராளமாகப் போடுங்கள். சுற்றிக் காட்டுவது டச்சிலும் ஆங்கிலத்திலும். அறைகள் சின்னவை என்பதால் ஒரு நேரத்துக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுகிறார்கள், இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. படிகள் பழங்காலத்து டச்சுப் படிகள், குறுகலும் செங்குத்துமாக இருக்கும். முட்டி வலி உள்ளவர்கள் சிரமப்பட வேண்டாம், அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே அறை அறையாக வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். பேரப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டிவியில் போட்டுப் பாருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும்.