தனியார் பள்ளி அங்கீகாரம்: வாசல் பலகைக்குப் பின்னால் இருக்கும் அரசு சேவை எப்படி?

பள்ளி வாசலில் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று எழுதியிருந்தால் பெற்றோரில் பலர் விசாரணையை அதோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நாலைந்து அலுவலகங்களின் தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி உண்டு, எந்த வகுப்பு வரை என்ற வரம்பும் உண்டு. பலகையில் இந்த இரண்டும் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் இந்த அங்கீகாரத்தை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, பள்ளி நடத்துபவருக்கும் பிள்ளையைச் சேர்ப்பவருக்கும் அது எவ்வளவு பயன்படுகிறது என்று பார்க்கலாம்.

முதலில் சட்டம். எட்டாம் வகுப்பு வரை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுதான் அடிப்படை. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகும் நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை. இதற்கு மேல் மாநிலத்தின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. 2018-இல் சட்டமன்றத்தில் நிறைவேறினாலும் அதற்கான விதிகள் 2023-இல்தான் வந்தன. அதுவரை நர்சரிக்கு ஒரு தொகுப்பு, மெட்ரிக் பள்ளிக்கு ஒரு தொகுப்பு என்று தனித்தனி விதிகள் ஓடிக்கொண்டிருந்தன. அலுவலக அமைப்பும் 2022-இல் மாறியது. மெட்ரிக் பள்ளி இயக்ககம் தனியார் பள்ளிகள் இயக்ககம் ஆனது. மாவட்டங்களில் தனியார் பள்ளிகளுக்கென்று தனி மாவட்டக் கல்வி அலுவலர் வந்தார். எந்த டிஇஓ ஆபீசுக்குப் போவது என்ற அலைச்சல் இதனால் குறைந்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்? நிலப் பத்திரம் அல்லது பதிவு செய்த குத்தகை ஆவணம், அறக்கட்டளைப் பத்திரம், ஆசிரியர் பட்டியல் எல்லாம் போக, முதுகெலும்பு நான்கு சான்றுகள்: பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. கட்டட உரிமம் 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தரப்படுவது. அலுவலகங்களில் அதை 'டி பாரம்' என்பார்கள். உறுதிச் சான்று இல்லாமல் தாசில்தார் உரிமம் தரமாட்டார். அதனால் வரிசை முக்கியம்: பொறியாளர், தாசில்தார், பிறகு மற்றவை.

சிக்கல் தேதிகளில் இருக்கிறது. கட்டடம் சார்ந்த சான்றுகள் சில ஆண்டுகளுக்குச் செல்லும். ஃபயர் சான்று ஓராண்டுக்குத்தான். நான்கையும் சேர்த்துப் புதுப்பிக்க விண்ணப்பித்து, கோப்பு மேசை மேசையாக நகரும் காலத்திலேயே ஃபயர் சான்று காலாவதி ஆகிவிடும். 'நடப்புச் சான்று இணைக்கவும்' என்ற குறிப்போடு கோப்பு திரும்பும். அதை வாங்கிக் கொடுப்பதற்குள் சுகாதாரச் சான்று முடியும். பல பள்ளிகளின் அங்கீகாரம் ஆண்டுக்கணக்கில் 'புதுப்பித்தல் நிலுவையில்' நிற்பதற்கு ஊழலைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அது இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாதுதான். ஆனால் இந்தத் தேதிப் பொருத்தமின்மை மட்டுமே ஒரு நேர்மையான பள்ளியையும் நிலுவையில் தள்ளப் போதும். அனுபவமுள்ள தாளாளர்கள் ஃபயர் சான்றைக் கடைசியாக வாங்குவார்கள். வாங்கிய வாரத்திலேயே விண்ணப்பத்தை ஏற்றிவிடுவார்கள்.

கட்டடத்துக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்பவர்கள் 2004 ஜூலை 16-ஐ மறந்திருக்கலாம். கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. மேல்தளத்துக்குக் கீற்றுக் கூரை, இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள் இறந்தார்கள். இன்றைய ஆய்வுப் படிவத்தில் ஓலைக் கூரை, படிக்கட்டு அகலம், வெளியேறும் வழிகள் என்று வரும் கேள்விகள் அந்தத் தீயிலிருந்து வந்தவை. பேருந்துக்கும் அப்படித்தான். 2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்குத் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் மைதானத்தில் மஞ்சள் வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஆர்டிஓ அதிகாரிகள் பார்க்கும் சோதனை அதன் தொடர்ச்சி. தரை, அவசரக் கதவு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இந்தச் சேவையில் உருப்படியாக நடக்கும் வேலை எது என்றால் இதைத்தான் முதலில் சொல்லலாம்.

இடத்தின் அளவில் கதை வேறு. பள்ளிகளுக்கான அளவுகளை ஆராய அரசு அமைத்த சிட்டிபாபு குழு சொன்ன குறைந்தபட்ச அளவு மாநகராட்சியில் 6 கிரவுண்ட், மாவட்டத் தலைநகரில் 8, நகராட்சியில் 10, பேரூராட்சியில் 1 ஏக்கர், ஊராட்சியில் 3 ஏக்கர். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. நகரத்துப் பழைய மெட்ரிக் பள்ளிகள் பலவற்றால் இதை எட்ட முடியவில்லை. 746 பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் தற்காலிக நீட்டிப்பு கொடுத்தே காலம் ஓடியது. நடைமுறைக்கு ஒத்துவராத அளவை வைத்துவிட்டு, பிறகு வருடாவருடம் விலக்குக் கொடுப்பது எந்தக் கணக்கில் ஒழுங்குமுறை? அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு இந்த நீட்டிப்பு எதுவும் தெரியவே தெரியாது.

இனி பெற்றோர் பக்கம். கேட்க வேண்டியது பலகையை அல்ல, அங்கீகார ஆணையின் நகலை. அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வகுப்பு வரை, எந்த முகவரிக்கு. மூன்றாவதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அங்கீகாரம் ஒரு வளாகத்துக்குத் தரப்படுவது. அதே பெயரில் நாலு தெரு தள்ளித் திறந்த 'பிராஞ்ச்'சுக்கு அது பொருந்தாது. எட்டாம் வகுப்பு வரை அனுமதி வைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்பு நடத்தும் பள்ளிகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் பெயர் வேறொரு பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் கைக்கு வரும்போதுதான் வீட்டில் தெரியும்.

பள்ளிகளின் தேசியக் கணக்கெடுப்பான யுடைஸின் எண்ணைக் காட்டி 'இதோ அரசுப் பதிவு' என்பார்கள். அது 11 இலக்க எண். தமிழ்நாட்டுக்கு 33-இல் தொடங்கும். அடுத்தடுத்து மாவட்டம், ஒன்றியம், ஊர், பள்ளி. இது கணக்கெடுப்பு எண் மட்டுமே. அங்கீகாரம் இல்லாத பள்ளிகளும் கணக்கெடுப்பில் வரும். அவற்றுக்கென்று தனி நிர்வாக வகையே அந்தப் பட்டியலில் இருக்கிறது. யுடைஸ் பிளஸ் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் நிர்வாக வகை, வகுப்புகள், ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை எல்லாம் வரும். நிர்வாக வகையை முதலில் பாருங்கள். ஆசிரியர் எண்ணிக்கையை மாணவர் எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள்: 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. விவரங்களைப் பள்ளியே ஏற்றுகிறது என்பதால் எண்களை அப்படியே நம்பவும் வேண்டாம். தளத்தில் பத்து வகுப்பறை என்றிருந்து, நேரில் ஆறுதான் கண்ணில் பட்டால், அதுவே ஒரு தகவல்.

கட்டணம். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முடிவு செய்ய 2009-இல் தனிச் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு வகுப்புவாரியாகத் தொகை சொல்லும். அது மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். ஆணையில் இருக்கும் தொகைக்கும் ரசீதில் இருக்கும் தொகைக்கும் இடையில் உள்ள இடைவெளி பெரும்பாலும் வேன், நோட்டு, சீருடை, 'ஆக்டிவிட்டி', 'ஸ்மார்ட் கிளாஸ்' என்ற தலைப்புகளில் ஒளிந்திருக்கும். எனவே புகார் கொடுப்பதானால் தலைப்புவாரியான ரசீது கையில் வேண்டும். மொத்தமாக ஒரே வரியில் எழுதிய துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் ஒன்றும் நடக்காது. சேர்க்கும்போதே தலைப்பு பிரித்த ரசீது கேளுங்கள்.

மாநிலம் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. சிபிஎஸ்இ, தன் இணைப்புப் பெற்ற பள்ளிகள் ஒவ்வொன்றும் தம் இணையதளத்தில் 'மேன்டேட்டரி பப்ளிக் டிஸ்க்ளோஷர்' (கட்டாயப் பொது வெளியீடு) என்ற பக்கம் வைக்க வேண்டும் என்கிறது. இணைப்புக் கடிதம், மாநில அரசின் தடையின்மைச் சான்று, கட்டடச் சான்று, ஃபயர் சான்று, குடிநீர் மற்றும் சுகாதாரச் சான்று, கட்டண விவரம், ஆசிரியர் விவரம், மூன்றாண்டுத் தேர்வு முடிவு எல்லாம் அங்கே இருக்க வேண்டும். அதாவது நம் தாசில்தாரும் நம் தீயணைப்பு அலுவலரும் கொடுத்த சான்றை சிபிஎஸ்இ பள்ளி வழியாக வீட்டிலிருந்தே பார்க்கலாம். பக்கத்துத் தெரு மெட்ரிக் பள்ளியின் அதே சான்றைப் பார்க்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டிவரும். சிபிஎஸ்இ பக்கத்திலும் தில்லுமுல்லு இல்லாமல் இல்லை. திறக்காத இணைப்பு, எழுத்தே தெரியாத ஸ்கேன், காலாவதியான சான்று எல்லாம் சகஜம். ஆனாலும் ஒரு பள்ளி எதை மறைக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் பக்கமே நல்ல வழி.

'சிபிஎஸ்இ பேட்டர்ன்', 'சிபிஎஸ்இ சிலபஸ்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் இணைப்பு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 19-இல் தொடங்கும். வாரியத்தின் சரஸ் தளத்தில் தேடினால் பத்தாம் வகுப்பு வரையா, பன்னிரண்டு வரையா, எந்த ஆண்டு வரை என்பது தெரியும். வாரியத் தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே நடப்பதால், 'இணைப்பு வந்துகொண்டே இருக்கிறது' என்ற பதிலோடு எட்டாம் வகுப்பைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பெயரளவில் சேர்த்துவிட்டு நீட் கோச்சிங்குக்கு அனுப்பும் 'டம்மி' பள்ளிகள் இன்னொரு வகை. 2024 மார்ச்சில் முறைகேடுகளுக்காக 20 பள்ளிகளின் இணைப்பை வாரியம் ரத்து செய்தபோது டம்மி மாணவர்களும் அந்தக் குற்றப் பட்டியலில் இருந்தார்கள்.

ஒரு பள்ளியின் அங்கீகாரம் பறிபோனால் பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களை எந்த அண்டைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதை ரத்து ஆணையிலேயே குறிப்பிட வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. ஆணை வந்தால் அந்த வரியைத் தேடுங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். கட்டண பாக்கிக்காக டிசி-யைப் பிடித்து வைப்பதும் செல்லாது. டிசி-யில் பாக்கியைக் குறிப்பிடக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. காகித டிசி கிடைத்தாலும் மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து விடுவித்து 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டதா என்று உறுதி செய்யுங்கள். விடாவிட்டால் புதிய பள்ளியால் பெயரை ஏற்ற முடியாது. இழுத்தடித்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் பேசலாம்.

ஆன்லைன் பள்ளிக்கு வந்தால், மதிப்பெண் போடவே ஒன்றும் இல்லை. மாநில அங்கீகாரம் முழுவதும் நிலம், கட்டடம், வளாகம் என்பதைச் சுற்றிக் கட்டப்பட்டது. வீட்டுத் திரையில் நடக்கும் பள்ளிக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. ஆகவே 'அரசு அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பள்ளி' என்று யாராவது சொன்னால், தேர்வு எந்த வாரியத்தில் என்பது ஒன்றே கேள்வி. இந்தியாவில் பெரும்பாலும் பதில் என்ஐஓஎஸ், அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்று வரும். அது 1989 முதல் இருக்கும் மத்திய அரசு அமைப்பு, சான்றிதழ் செல்லும். திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுதுவது பற்றிய வழக்கும் 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. வெளிநாட்டு வாரியம் என்றால், கல்லூரிச் சேர்க்கைக்கு அந்தப் படிப்பு இந்தியப் படிப்புக்குச் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் தரும் இணைச் சான்று தேவைப்படும். அதற்கு எத்தனை பாடம், என்ன கிரேடு என்பதை ஒன்பதாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்ஐஓஎஸ் பதிவை ஆன்லைன் பள்ளியிடம் ஒப்படைக்காதீர்கள். உங்கள் கைப்பேசி எண், உங்கள் மின்னஞ்சல் கொடுத்து நீங்களே பதிவு செய்யுங்கள். பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும், 9 தேர்வு வாய்ப்புகள் உண்டு. இடையில் அந்த நிறுவனம் மூடினாலும் பதிவு உங்களிடமே இருக்கும். பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயது. பொதுத் தேர்வு ஏப்ரல்–மேயிலும் அக்டோபர்–நவம்பரிலும் நேரடி மையத்தில் நடக்கும்; வீட்டிலிருந்து எழுத முடியாது.

ஆன்லைனிலிருந்து வழக்கமான பள்ளிக்குத் திரும்ப நினைப்பவர்கள் எட்டாம் வகுப்புக்குள் திரும்பிவிட வேண்டும். அதுவரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கும் உரிமை கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் இருக்கிறது. முன்பு படித்த பள்ளிக்கு அங்கீகாரம் இருந்ததா என்பது அந்த உரிமைக்குத் தடையாகாது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கீகாரம் பெற்ற பள்ளியின் டிசி கேட்பார்கள், திரைப் பள்ளியால் அதைத் தர முடியாது.