இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்? அம்மாவுக்காகப் பார்த்த இரண்டு இல்லங்கள்

அம்மாவுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று தெரிந்து இது ஆறாவது வருடம். முதல் நான்கு வருடம் வீட்டில், அப்புறம் நான்கு மாதம் ஒரு பெரிய பராமரிப்பு இல்லத்தில், இப்போது பதினான்கு மாதமாக ஒரு சின்ன இல்லத்தில் இருக்கிறார். தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால் எனக்குத்தான் போன் வருகிறது: "எது நல்ல இடம், சொல்லுங்களேன்." ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் பேசுகிறேன். அதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். நான் சின்ன இல்லத்தின் பக்கம்தான். அதை மறைத்துக்கொண்டு எழுதப் போவதில்லை.

வீட்டிலேயே ஏஜென்சி ஆள் வைத்துப் பார்ப்பது பற்றி இரண்டு வரி போதும். முடிகிறவரை அதுதான் நல்லது. ஒருநாள் விடியற்காலை நாலரைக்கு "ஆபீசுக்கு நேரமாச்சு" என்று அம்மா கேட்டைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டார். பால்காரர்தான் கூட்டி வந்தார். அன்றோடு எங்களால் முடியவில்லை.

முதலில் சேர்த்தது பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு பெரிய இடம். மூன்று மாடி, லிஃப்ட், பிசியோதெரபி அறை, ஆம்புலன்ஸ். டிமென்ஷியாவுக்கென்றே தனி மாடி, அதில் 42 பேர். மாதம் 55,000, பேம்பர்ஸ் தனி. நியூஜெர்சியில் இருக்கும் தம்பிக்கு அதைத்தான் பிடித்தது. "அக்கா, ஆப் இருக்கு, கேமராவுல எப்ப வேணாலும் அம்மாவைப் பாக்கலாம்" என்றான். இரண்டாவது, தாம்பரம் தாண்டி ஒரு தெருவில் இருக்கும் வீடு. நிஜமாகவே வீடுதான், ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் தன் சொந்த வீட்டை மாற்றி நடத்துகிறார். 14 பேர், மாதம் 38,000. கேமரா வாசலில் ஒன்று மட்டும்.

சுத்தம், சாப்பாடு, காற்று, வெளிச்சம் இரண்டிலும் பரவாயில்லை. பதிவுச் சான்றிதழ் கேளுங்கள். இரண்டு இடத்திலும் காட்டினார்கள். ஆனால் சான்றிதழை வைத்துத் தரம் தெரியாது. இங்கிலாந்தில் கேர் குவாலிட்டி கமிஷன் என்ற அமைப்பு ஒவ்வொரு இல்லத்தையும் ஆய்வு செய்து நான்கு படிநிலைகளில் மதிப்பிட்டு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அமெரிக்காவில் அரசே நட்சத்திரம் கொடுக்கிறது. 2022 முதல் ஊழியர்கள் எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள், சனி ஞாயிறில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். இங்கே அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். அதற்கு என் அனுபவத்தில் ஒரே ஒரு கேள்விதான் உதவியது: ராத்திரி யார் இருக்கிறார்கள், அவர்கள் நேற்றும் இருந்தவர்கள்தானா?

பெரிய இடத்தின் விளம்பரத் தாளில் "ஐந்து பேருக்கு ஒரு பணியாளர்" என்று போட்டிருந்தது. பொய் இல்லை. காலை பதினொரு மணிக்குப் போனால் 42 பேருக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறியதும் மூன்று பேர், அதாவது 14 பேருக்கு ஒருவர். நாம் இடம் பார்க்கப் போவது எப்போதும் காலை பதினொரு மணிக்குத்தான் என்பது அவர்களுக்கும் தெரியும்.

மூன்று பேரை வைத்து இரவை ஓட்ட என்ன செய்வார்கள்? பகல் ஆட்கள் கிளம்புவதற்குள் எல்லோரையும் படுக்க வைத்துவிட வேண்டும். அதனால் ஆறு மணிக்குச் சாப்பாடு, ஏழரைக்குப் படுக்கை. எழுபத்தெட்டு வயதில் அம்மா தூங்குவதே ஆறு ஆறரை மணி நேரம். ஏழரைக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு விழிப்பு வரத்தானே செய்யும்? எழுந்து நடப்பார், அடுத்தவர் அறைக் கதவைத் திறப்பார். மூன்று பேரால் அவர் பின்னால் போக முடியாது. உடனே டாக்டரிடம் "பேஷன்ட் ராத்திரி தொந்தரவு" என்று ரிப்போர்ட். கியூட்டியாபின் 25 மில்லிகிராமில் ஆரம்பித்து 50 ஆனது. அது மனநோய்க்கான மாத்திரை. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மாத்திரைகளைக் கொடுத்தால் உயிரிழப்பு ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்திருக்கிறது. கொடுக்கவே கூடாது என்பதல்ல. அடித்துக்கொள்ளும் அளவுக்கு ஆவேசம் வந்தால் வேறு வழியில்லாமல் கொடுப்பார்கள். ஆனால் அம்மாவுக்கு ஆவேசம் எதுவும் இல்லை, வெறும் விழிப்புதான்.

மாத்திரையின் மயக்கம் காலை பத்து மணிவரை நீடித்தது. காலைச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. சேர்த்தபோது 51 கிலோ. நான்காவது மாதம் 47. ஒருநாள் பாத்ரூம் வாசலில் கால் தடுமாறி விழுந்தார், புருவத்தில் மூன்று தையல். "வயசானவங்க, விழத்தான் செய்வாங்க" என்றார் மேனேஜர். தம்பியின் ஆப்பில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அம்மா நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அந்த அமைதி மாத்திரையால் வந்தது என்பது கேமராவில் எப்படித் தெரியும்?

கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 2024இல் முதியோருக்கென்று தேசிய மருத்துவமனை திறந்தார்களே, அங்கே புறநோயாளியாகக் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்குப் படுக்க வைக்கறாங்க?" நான்கு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. டோஸைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். இல்லத்தில், ராத்திரி கஷ்டம் என்றார்கள். அந்த வாரமே வேறு இடம் தேட ஆரம்பித்தேன்.

இரண்டாவது தடவை கொஞ்சம் விவரமாகப் போனேன். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு கவனிக்கும் முறையை வகுத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் இல்லத்தின் பொது இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நோயாளி என்ன செய்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வருவார். எனக்குப் பயிற்சியெல்லாம் கிடையாது. ஒரு ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். பழைய இடத்தில் அம்மாவைப் பற்றிய பன்னிரண்டு குறிப்பில் ஒன்பது "சும்மா", இரண்டு "தூக்கம்". மீதி ஒன்றில் ஒரு பெண் வந்து பேசினார். பேம்பர்ஸ் மாற்றணுமா என்று கேட்டுவிட்டுப் போனார். நாற்காலிக்குக் குறுக்கே சாப்பாட்டுப் பலகையை மாட்டி வைத்திருந்ததையும் அன்றுதான் கவனித்தேன். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் ஆகியும் பலகை அப்படியே இருந்தது. கயிறு கட்டவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியாது.

தாம்பரம் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமை ஏழு மணிக்குப் போனேன். வெளியே காத்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கூடத்தில் நான்கு பாட்டிகள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஆய்ந்ததை இன்னொருவர் மறுபடி குச்சியோடு கலந்துகொண்டிருந்தார். ஆயாம்மா சிரித்துக்கொண்டே திரும்பப் பிரித்துக் கொடுத்தார். ஒரு தாத்தா சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் ஆனந்தமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஒரு பாட்டி நான் இருந்த நேரம் முழுக்க அழுதுகொண்டிருந்தார். ஆனால் அவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குச் சாப்பாடு, படுக்கை ஒன்பதரைக்கு மேல். இரவு 14 பேருக்கு இருவர், ஏழு பேருக்கு ஒருவர். அதில் ஒருவர் கூடத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறார், யார் எழுந்தாலும் அவரைத் தாண்டித்தான் போக முடியும்.

சேர்த்த முதல் வாரம் அம்மா இரண்டு மணிக்கு எழுந்தாராம். ஆயாம்மா ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்து, அரை மணி நேரம் பேசிவிட்டுப் படுக்க வைத்திருக்கிறார். மூன்றாவது வாரத்தில் அந்த மாத்திரையை டாக்டர் முழுக்க நிறுத்திவிட்டார். எடை இப்போது 49.

ஆட்கள் மாறாமல் இருப்பதைப் பற்றி முன்பு நான் யோசித்ததே இல்லை. பெரிய இடத்தில் நான்கு மாதத்தில் அம்மாவுக்கு ஒன்பது பேர் மாறினார்கள். எல்லோரும் ஏஜென்சி மூலம் வந்தவர்கள். இல்லம் ஏஜென்சிக்குக் கொடுப்பதில் ஒரு பகுதிதான் அவர்கள் கைக்குப் போகும், கொஞ்சம் கூடக் கிடைக்கிற இடத்துக்குப் போய்விடுவார்கள். நிறையப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள். அவர்கள் மேல் குறையே சொல்ல மாட்டேன், பொறுமையாகத்தான் பார்த்தார்கள். ஆனால் இந்த நோயில் பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் போகும். தபால் ஆபீஸில் முப்பத்தி மூன்று வருடம் இந்தியும் இங்கிலீஷும் பேசிக் கவுண்டரில் உட்கார்ந்த அம்மாவுக்கு இப்போது மிச்சம் இருப்பது பாளையங்கோட்டைத் தமிழ் மட்டும்தான். "ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட்டால் அந்தப் பெண்களுக்கு என்ன புரியும்? தாம்பரம் வீட்டில் பகலில் பார்க்கும் நான்கு பேரில் மூன்று பேர் நாங்கள் சேர்த்த நாளிலிருந்து இருக்கிறார்கள். ஒருவர் சங்கரன்கோவில்காரர். அம்மா "ஏட்டி" என்றால் அடுப்படியிலிருந்தே "இந்தா வந்துட்டேம்மா" என்று குரல் வரும்.

அவர்தான் ஒரு வேலை செய்தார். தினசரி நாள்காட்டியில் கிழிக்கும் தாள்களைச் சேர்த்து வைத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா விரலை நாக்கில் தொட்டுப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடுகிறார். மணியார்டர் கவுண்டரில் அப்படித்தான் எண்ணுவார். சாயங்காலம் ஆயாம்மா வந்து, "கணக்கு சரியா இருக்காம்மா?" என்பார். "நாலு குறையுது" என்பார் அம்மா. பெரிய இடத்தில் மாதம் இரண்டாயிரம் தனியாக வாங்கிக்கொண்டு 'ஆக்டிவிட்டி' என்று பலூன் தட்ட வைத்தார்கள்.

அதனால் மேனேஜரிடம் கேட்காமல், உங்கள் அம்மாவையோ அப்பாவையோ குளிப்பாட்டப் போகிறவரிடம் கேளுங்கள். நீங்க வந்து எவ்வளவு நாளாச்சு? சம்பளம் இவங்க தராங்களா, ஏஜென்சியா? போன மாத இரவு டியூட்டி சீட்டைப் பார்க்கலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரிய இடத்தில் "ஆபீஸ் பாலிசி" என்றார்கள். தாம்பரத்தில் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

சின்ன இல்லத்தின் குறையையும் சொல்ல வேண்டும். பகலில் மட்டும்தான் நர்ஸ். போன ஆடியில் அம்மா திடீரென்று ஆள் தெரியாமல் உளறினார், சாப்பிட மறுத்தார். நோய் முற்றுகிறது என்று ஒரு நாள் விட்டுவிட்டார்கள். நோய் பொதுவாக இப்படி ஒரே நாளில் முற்றாது; திடீரென்று மாறினால் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று மாதிரி வேறு ஏதோ இருக்கும். அம்மாவுக்கு அதுதான். பெரிய இடமாக இருந்திருந்தால் அன்று சாயங்காலமே டெஸ்ட் எடுத்திருப்பார்கள். பிசியோதெரபியும் அங்கேதான் உருப்படியாக நடந்தது. இங்கே வாரம் ஒருநாள் ஒரு பையன் வந்துவிட்டுப் போகிறான். இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. ஆட்கள் மாறாமல் இருப்பதற்கு ஒரு காரணம் அவர்கள் அங்கேயே தங்குவது. மாதம் நான்கு நாள் லீவு, சம்பளம் ஏஜென்சியை விட நல்ல சம்பளம், எல்லாம் சரி. இருந்தாலும் பகலில் பார்த்தவரே சில நாள் இரவிலும் பாய் போடுகிறார். அவருடைய தூக்கத்தை எடுத்துக்கொண்டுதான் என் அம்மா தூங்குகிறாரோ என்று தோன்றும்.

அம்மா இன்னும் நடக்கிறார், பிசைந்து கொடுத்தால் ரசம் சாதம் விழுங்குகிறார். என் அனுபவம் அதுவரைக்கும்தான். படுக்கையோடு ஆனவர்களை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுவது, மூக்குக் குழாய், சளி உறிஞ்சுவது எல்லாம் வேறு கணக்கு. தாம்பரம் வீட்டை நடத்தும் அம்மாள் நேராகவே சொல்லிவிட்டார்: "டியூப் வச்சா நான் பாக்கமாட்டேன்மா, எனக்கு அதுக்கு ஆள் இல்ல." பெரிய இடத்தில் முதல் மாடியில் அதற்கென்றே வார்டு இருக்கிறது. அங்கே கட்டிய டெபாசிட்டில் இன்னும் 60,000 வர வேண்டும். தம்பி சண்டை போடச் சொல்கிறான். நான் மாதம் ஒரு தடவை மரியாதையாக ஞாபகப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.