குளிர்ச்சி ஜெல்லுடன் இரண்டு கோடைகள்

கடந்த இரண்டு கோடைகளாக, வெயிலில் ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்புமுன் மெந்தால் கலந்த குளிர்ச்சி ஜெல்லைப் பிடரியிலும் தோள்களிலும் முன்கைகளிலும் பூசிவந்தேன். தோல் சில்லிட்டால் உடலும் அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கும் என்று முதல் சில வாரங்கள் நம்பினேன். அந்த நம்பிக்கையில் வேகத்தைக் கூட்டி ஓடிய ஒரு நாள், தலை சுற்றி, கண் இருட்டி, பாதையோரம் உட்கார வேண்டியதாயிற்று. அப்போதும் பிடரி சில்லென்றே இருந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது.

ஜெல்லில் உள்ள நீரும் ஆல்கஹாலும் ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்வது உண்மையே. ஆனால் அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும்; அப்படியானால் 10 கிராம் ஜெல் முழுக்க நீராகவே இருந்து ஆவியானாலும் 6 கிலோகலோரிகூட வெளியேறாது. தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே இயக்கமாகி, மீதி வெப்பமாகிவிடுவதால், மணிக்கு 600 கிலோகலோரி செலவிட்டு ஓடுபவரின் உடலில் ஒரே நிமிடத்தில் இதைவிட அதிக வெப்பம் உருவாகிறது.

பிறகும் நீடிக்கும் குளிர்ச்சி மெந்தாலால் வருவது. நரம்பு முனைகளில் குளிரை உணர்த்தும் டிஆர்பிஎம்8 என்ற புரதத்தை அது தூண்டுவதால், தோல் சூடாக இருக்கும்போதே மூளைக்குக் குளிர்ச்சியின் செய்தி போய்ச்சேர்கிறது. அதனால் ஓட்டம் இதமாகத் தோன்றுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. கடுமையான வெயிலில் அந்த இதம் பெரிய ஆறுதல். ஆயினும் என் கைக்கடிகாரம் காட்டிய நாடித்துடிப்பு, அதே வேகத்தில், ஜெல் பூசிய நாளிலும் பூசாத நாளிலும் ஒரேபோல ஏறிக்கொண்டே போனது. அடர்த்தியான மெந்தால் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வியர்வையையும் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், உடல் முழுவதும் பூசிக்கொள்வது வெப்பத்தை உள்ளேயே தேக்கிவைக்க வழிசெய்யலாம். எண்ணெய்ப்பசை மிகுந்த களிம்புகளை நான் அறவே விட்டுவிட்டேன்.

காற்றில் ஈரப்பதம் மிகுந்த புழுக்க நாட்களில் வியர்வையே ஆவியாகாமல் சொட்டுகிறது. அந்நாட்களில் ஜெல்லை விட, தலையிலும் கைகளிலும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டு நிழலில் நடந்ததுதான் எனக்கு உதவியது. உடலின் உள்வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டி நினைவு தடுமாறும் நிலை உயிருக்கே ஆபத்தானது. அங்கே உடனடி மருத்துவ உதவியும் குளிர்ந்த நீரில் உடலை அமிழ்த்துவதும் தேவையே தவிர, எந்தப் பூச்சும் அல்ல.

இப்போது ஓட்டம் முடிந்து நிழலுக்கு வந்த பிறகு மட்டுமே, கண்ணிலோ சிராய்ப்பிலோ படாமல், பிடரியில் சிறிதளவு தடவுகிறேன். ஓடும்போது வேகத்தை நாடித்துடிப்பைப் பார்த்தே முடிவுசெய்கிறேன்.