நியூசிலாந்துப் புல்வேர்ப்புழு: மருந்தா, பாக்டீரியாவா?

நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களுக்கு கோஸ்டெலிட்ரா கிவெனி வண்டின் புழு பழைய எதிரி. வெளியிலிருந்து வந்ததல்ல, அந்த மண்ணுக்கே உரிய பூச்சி. இலையுதிர் காலத்தில் பெருத்த புழுக்கள் ரைகிராஸ் புல், வெண் குளோவர் தீவனச்செடி ஆகியவற்றின் வேர்களைத் தின்று தீர்க்கும். பாதிப்பு முற்றிய இடத்தில் புல்லைப் பாய் போலச் சுருட்டி எடுத்துவிடலாம்.

பூச்சிக்கொல்லியின் பலம் வேகம். டயாசினான் குருணையைத் தூவி, மழை பெய்து மருந்து மண்ணில் இறங்கினால் புழு சாகும். மழை ஏமாற்றினால் செலவு வீண். குருணையைக் கொத்தும் பறவைகளுக்கும் அது நஞ்சு. அந்நாட்டில் 2028-உடன் டயாசினானுக்கான அனுமதியும் முடிகிறது. ஒரு காலத்தில் சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்து தூவிய டிடிடியின் எச்சம் எத்தனை ஆண்டுகள் மண்ணில் தங்கியது என்பதை நினைத்தால், இந்த வழியையே நம்பியிருக்க எனக்கு மனம் வரவில்லை.

என் தேர்வு செர்ராட்டியா என்டோமோஃபிலா பாக்டீரியா. இது அந்த மண்ணிலேயே இருக்கும் நுண்ணுயிர். இந்தப் புழுவுக்கு அம்பர் நோயைத் தருவது. நோயில்லாத புழுவின் பின்பகுதி, வயிற்றில் மண் நிறைந்து கருத்திருக்கும். நோய் பிடித்ததும் குடல் காலியாகி, உடல் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவத் தெரியும். சாவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் தின்பதைச் சில நாட்களிலேயே நிறுத்திவிடும். புல்லுக்கு அதுதானே வேண்டும்? வெயில் பட்டால் பாக்டீரியா செத்துவிடும் என்பதால், விதைப்புக் கருவியால் மண்ணுக்குள் இறக்க வேண்டும். இது கூடுதல் வேலைதான்.

எங்கே போடுவது என்பதுதான் முக்கியம். உழுது புதுப் புல் விதைத்த நிலத்தில் முதலில் புழு பெருகும். நோய் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்து சேரும். பெரும் சேதம் அந்த இடைவெளியில்தான். பாக்டீரியாவை அப்போதே போட்டுவிட வேண்டும், புல் காய்ந்த பிறகு போட்டுப் பலனில்லை.

மூன்றாவது வழி, புல்லையே மாற்றுவது. மெடோ பெஸ்க்யூ என்ற புல்லுக்குள் வாழும் ஒரு பூஞ்சை உண்டாக்கும் லோலின் என்ற வேதிப்பொருள், புழுவுக்கு ஆகாது. மறுவிதைப்பு எப்படியும் நடக்கப்போகிறதென்றால் யோசிக்கலாம்.

அப்புறம் ஒன்று: பழைய புல்வெளி என்றால், எதையும் வாங்கும் முன் மண்வெட்டியால் நாலைந்து இடத்தில் தோண்டிப் பாருங்கள். தேன் நிறப் புழுக்கள் நிறைய இருந்தால் நோய் ஏற்கெனவே வேலை செய்கிறது, செலவு தேவையில்லை.